மகளுக்கு இளைய வாப்பா

ஜப்பான் சரணடைந்து, நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்து மாதா கோயில் மணிகளெல்லாம் அடித்து ஓய்ந்து, படகுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்களை இனி வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்த அந்த அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை நடுப்பகலில், மே மூன் கொல்லைப்புறக் கொடியில் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது, அவளைவிட ஏறக்குறைய நான்கு வயது இளையவரான அவளுடைய தகப்பனார் ஒரு கோவேறு கழுதையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சந்து வழியாக வந்து நின்று, "ஓடில் இருக்காளா?" என்று கேட்டார்.

காய்கறி விற்கிறவன் என்று நினைத்து, "இன்னிக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றாள் மே மூன்.

"நான் விக்க வரலை. நான் ஓடிலோட வீட்டுக்காரன்."

அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். முன்னறைச் சுவரில் அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த போட்டோவில் இருந்த அதே மெல்லிய மீசை, அதே குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி, இடது புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. தொப்பி மட்டும் நனைந்திருந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாததால் அவள் கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டு, "அம்மா அடுப்படியில இருக்கா," என்றாள்.

இந்த இடத்தில் தமிழில் கதை சொல்கிறவனுக்கு ஒரு சங்கடம். அவர்கள் பேசிய இங்கிலீஷில் நீ, நீங்கள் என்ற பேதம் கிடையாது. ஆகையால் அந்த வீட்டில் யாருக்கு யார் மரியாதை கொடுப்பது என்ற கேள்வி கடைசிவரை எழாமலே தப்பித்துக்கொண்டது. நமக்கு அந்த வசதி இல்லை. இருபத்துமூன்று வயதுப் பையனை அவர் என்பதா, அவன் என்பதா? தகப்பன் தகப்பன்தான் என்று வைத்து அவர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மே மூனுக்கே அது பல வருஷங்கள் தெளிவாகவில்லை.

அவர் பெயர் செய்யது மீரா லெப்பை. கீழக்கரைக்காரர். கொழும்பில் கப்பலேறிக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே உலகத்தைச் சுற்றி, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வெப்பம் தாங்காமல் இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. பட்டுக் கைக்குட்டை விற்றுப் பிழைத்தார். கறுப்பர்கள் வாழ்ந்த ஒரு தெருவில், துணி வெளுத்து இஸ்திரி போடும் ஓடில் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரெஞ்சும் இங்கிலீஷும் கலந்து பேசும் அந்தத் தெருக்காரர்களின் காதில் லெப்பை என்பது லாபே என்று விழுந்தது. அந்தப் பாஷையில் லாபே என்றால் பாதிரியார். ஓடில் ஒரு முஸ்லிம் பாதிரியாரைக் கட்டியிருக்கிறாள் என்று தெரு நம்பியது, அதில் தவறு இருப்பதாகவும் நினைக்கவில்லை. 1918இல், முதல் பெரிய போரின் கடைசிக் கோடையில், பிரான்சு தேசத்துப் போர்முனைக்குக் கோவேறு கழுதைகளை ஏற்றிச் சென்ற கப்பலில் சம்பளம் அதிகம் என்று கேள்விப்பட்டு, ஆறு மாத கர்ப்பிணியான ஓடிலிடம், பெண் பிறந்தால் மைமூன் என்று பெயர் வை, வாப்பா சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல் என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கப்பல் பிரான்சுக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. போர் முடிந்த வாரத்தில், விஷக் காய்ச்சலுக்குப் பயந்து ஊரில் நாடகக் கொட்டகைகளை மூடியிருந்த நாளில், வாயில் துணி கட்டிய மருத்துவச்சியின் கையில் பெண் பிறந்தாள். மைமூன் என்று ஓடில் சொன்னதைப் பதிவு செய்தவர் மே மூன் என்று எழுதினார். நவம்பரில் பிறந்த பிள்ளை மே மாத நிலா ஆனது.

ஓடில் அன்றைக்குச் சிவப்புப் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் துணி துவைப்பதும் சிவப்புப் பீன்ஸும்தான். திரும்பிப் பார்த்தவளின் கரண்டி அப்படியே நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் மீரா லெப்பை பதறிப்போய் அருகில் வந்தார்.

"உடம்புக்கு என்ன ஓடில்? கை ஏன் இப்படி வத்திப் போச்சு? தலையில என்ன சாம்பல்?"

அவருக்கு வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஓடில் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பேய் என்று நினைக்கவில்லை, கனவு என்றும் நினைக்கவில்லை. பசியோடு வந்திருக்கிறான் என்று மட்டும் நினைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டில் சோற்றைப் போட்டு, பீன்ஸை ஊற்றி, அவர் முதல் கவளத்தை எடுக்கும்போது தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இரு. இதுல பன்னி இருக்கு."

இருபத்தேழு வருஷமாக அந்த அடுப்பில் பன்றி இல்லாமல் பீன்ஸ் வெந்ததில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு முட்டையைப் பொரித்தாள். தோள் குலுங்கியது. மகள் உள்ளே வந்து என்ன என்று கேட்டதற்கு, "எண்ணெய் தெறிக்குது," என்றாள்.

நடந்தது என்னவென்று அவர் சொன்னது கொஞ்சம்தான். ஊருக்குத் தெற்கே வளைகுடாவில் மூடுபனி இறங்கிக் கப்பல் நின்றது. அவர் அடித்தட்டில் கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார். ஒரு ராத்திரி அங்கேயே வைக்கோலில் தூங்கிவிட்டார். மேலே வந்தால் ஆள் இல்லை, சத்தம் இல்லை, கப்பல் மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. கழுதைகளை அவிழ்த்துவிட்டதில் ஒன்று தண்ணீரில் குதித்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டார். கால் தரையில் பட்டபோது மூடுபனி விலகி, எதிரே மிசிசிப்பி ஆற்றின் கரைமேடும் அதற்கப்பால் ஊரும் தெரிந்தன. அவ்வளவுதான். ஒரு ராத்திரி எப்படி இருபத்தேழு வருஷமாயிற்று என்பதைத் தெருவில் யாரும் அதிகம் குடையவில்லை. போன போருக்குப் போனவர்கள் இந்தப் போரோடு சேர்ந்து திரும்புகிறார்கள், ரயிலில் கூட்டம் அப்படி, என்று முடிதிருத்துகிறவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள்.

தெருவுக்குக் குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. ஓடில் இப்போது மனைவியா, விதவையா, இல்லை தாயா? பங்குத்தந்தையிடம் கேட்டார்கள். மரணம் பிரிக்கும்வரை என்றுதான் திருச்சபை சொல்லியிருக்கிறது, காலம் பிரித்தால் என்ன செய்வதென்று சொல்லவில்லை, நான் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் மனிதனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோளில் இராணுவ முத்திரை இருக்கும் கழுதை இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். பிரான்சில் இறக்க வேண்டியது என்று மீரா லெப்பை சொன்னதும், போர் முடிந்துவிட்டது, இனி வேண்டாம், வைத்துக்கொள் என்று போய்விட்டார். அந்தக் கழுதையை வண்டியில் பூட்டித்தான் அவர் அடுத்த பல வருஷங்கள் தர்ப்பூசணியும் வெண்டைக்காயும் விற்றார்.

ஓடில் அவருக்கு முன்னறையில் படுக்கை போட்டாள். ஒரு குளிர்காலத்தில் அந்தப் படுக்கை எடுக்கப்பட்டது. வசந்தம் வந்ததும் மறுபடி போடப்பட்டது. ஏன் எடுத்தாள், ஏன் போட்டாள் என்று மே மூன் கேட்கவில்லை. ஓடிலிடம் கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்காது.

ஆனால் மே மூனின் குழப்பம் இதையெல்லாம்விடப் பெரியது. அவளுக்கும் ஒரு கணவன் இருந்தான். லூசியன் என்று பெயர், சரக்குக் கப்பலில் சமையல்காரன், சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். 1942 கோடையில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வளைகுடாவுக்குள்ளேயே வந்து கப்பல்களை மூழ்கடித்தபோது அவனுடைய கப்பலும் போனது. அவள் அழுது, கறுப்பு உடுத்தி, தொழிற்சாலைக்குப் போய், மெல்ல மெல்ல மனதை ஆற்றிக்கொண்டு வந்த நேரத்தில்தான் தகப்பன் கழுதையோடு வந்து நின்றார். வாப்பா இருபத்தேழு வருஷம் கழித்து வர முடியுமென்றால் லூசியன் ஏன் வரக் கூடாது? அதே கடல், அதே மூடுபனி. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். 1969 கோடை. கறுப்பு உடையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அவள் இனி விதவை இல்லை, கணவன் ஊருக்குப் போயிருக்கிறவள்.

இதை மீரா லெப்பை கேட்டபோது தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மவளே, எனக்கு அது ஒரு ராத்திரி. உங்கம்மா இங்க காத்துக்கிட்டு இருந்ததோ நீ பொறந்ததோ ஒண்ணும் எனக்குத் தெரியாது. நீ காத்துக்கிட்டு இருக்கறது அவனுக்கும் தெரியாது."

"நீங்க வந்தீங்களே வாப்பா."

 அவர் எந்த வாதத்தைச் சொன்னாலும், திரும்பி வந்த அவரே அதற்கு எதிர்ச்சாட்சியாக இருந்தார்.

அவர் தகப்பனாக இருக்க முயன்றார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்றார், அவள் சிரித்தாள். தலைக்கு முக்காடு போடு என்றார். தொப்பி வாங்கித் தாருங்கள் என்றாள். ஒருநாள் இருவரும் டிராமில் ஏறினார்கள். அந்நாளில் அந்த ஊர் டிராம்களில் இருக்கையின் முதுகில் செருகிவைக்கும் ஒரு மரப்பலகை உண்டு. அதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள், பின்னால் கறுப்பர்கள். குஞ்சத் தொப்பி வைத்த மீரா லெப்பையைக் கிழக்கு தேசத்துப் பெரிய மனிதர் என்று நினைத்து நடத்துநர்கள் முன்னால் உட்காரவிடுவது வழக்கம். அவர் உட்கார்ந்துகொண்டு, பின்னால் போகப் பார்த்த மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீங்க இருக்கலாம் ஐயா," என்றார் நடத்துநர். "அந்தப் பொண்ணு பலகைக்குப் பின்னால போகணும்."

"இவ என் மகள்."

நடத்துநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவனுக்கு இவள் எப்படி மகளாக முடியும் என்று கேட்டுச் சிரிக்கப்போகிறார் என்று மே மூன் பயந்தாள்.

"அப்படின்னா நீங்களும் பின்னால போகணும்," என்றார் அவர்.

மீரா லெப்பை எழுந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் மகளோடு உட்கார்ந்தார். அந்த வண்டியில் இருந்த ஒருவருக்கும் அவர்களுடைய வயது குழப்பமாக இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டினார். "நான் போகும்போதும் அந்தப் பலகை அங்கதான் இருந்துச்சு," என்றார். "நீங்கல்லாம் கிழடாயிட்டீங்க. அதுக்கு மட்டும் வயசாகலையே." அன்றிலிருந்து டிராமில் ஏறும்போது அவர் தொப்பி வைப்பதில்லை. அன்றிலிருந்துதான் மே மூனுக்கு வாப்பா என்று கூப்பிடுவது நாக்கில் இடறாமல் வந்தது.

அந்தத் தெருவின் கோடியில் அல்சீட் என்றொரு பூச்சு வேலைக்காரர் இருந்தார். வீட்டு முகடுகளில் சுண்ணாம்புச் சாந்தில் பூவும் கொடியும் வைப்பதில் பெயர் பெற்றவர். 1947இல், தவக்காலத்துக்கு முன்னால் வரும் திருவிழாவின்போது, முகமூடி போட்ட கூட்டம் தெருவில் ஆடிக்கொண்டு போகையில், அவர் தன் முகமூடியைக் கழற்றி மே மூனிடம் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார்.

"1969 வரைக்கும் முடியாது," என்றாள்.

அல்சீட் தெருக்காரர், விஷயம் தெரிந்தவர். அது நியாயமான பதில்தான் என்று பட்டது. சரி என்று முகமூடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷத் திருவிழாவில் மறுபடி கேட்டார், அவளும் மறுபடி சொன்னாள். பிறகு இது தெருவில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, அணிவகுப்பு முடிந்ததும் அல்சீட் கேட்கிறாரா என்று பார்க்கப் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். தன்னைவிடப் பெரியவரான அல்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் மீரா லெப்பைக்கு மாமனாருக்குரிய வெட்கம் வந்தது.

1955இல், மாண்ட்கோமரி ஊரில் கறுப்பர்கள் பேருந்தில் ஏற மாட்டோம் என்று நடக்கத் தொடங்கிய குளிர்காலத்தில், ஓடில் படுத்த படுக்கையானாள். ஒரு மத்தியானம் மகளைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

"நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்போ ஞாயித்துக்கிழமை மீன் கொண்டு வருவாரே ஒருத்தர், ஞாபகம் இருக்கா?"

"ஏதோ சொந்தக்காரர்னு சொன்னியே."

"சொந்தக்காரர் இல்லை. மூணு வருஷம் வந்துக்கிட்டு இருந்தார். நான் உங்கப்பாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலை மே. சுத்தமா மறந்துட்டேன். மறந்தப்புறம்தான் வந்தான்."

மே மூன் தாயின் கையைப் பிடித்தபடி இருந்தாள். "அவர் வந்தது நல்லதாம்மா, கெட்டதாம்மா?"

ஓடில் முன்னறையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கணவரின் முதுகைக் கதவு வழியாகப் பார்த்தாள். "பத்து வருஷமாச்சு, இன்னும் பிடிபடலை," என்றாள். இரண்டு நாளில் இறந்துபோனாள். முப்பத்துமூன்று வயது மீரா லெப்பை ஐம்பத்தெட்டு வயது மனைவியை அடக்கம் செய்தார். பித்தளை வாத்தியக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டு நடக்க, தாயைப் புதைக்கும் மகன் என்று நினைத்து வழியில் நின்ற அந்நியர்கள் அவருக்காகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஓடில் சொன்னது மே மூனின் குழப்பத்தை இரட்டிப்பாக்கியது. காத்திருந்தால் வருவானா, மறந்தால்தான் வருவானா? கொஞ்ச காலம் லூசியனை மறப்பதற்கு வெகுவாக முயன்றாள், அவன் வர வேண்டும் என்பதற்காக. முயலும்போதெல்லாம் அந்தக் கன்னக் குழி நினைவுக்கு வந்தது. பிறகு அவன் முகத்தை நினைக்க விரும்பியபோது அந்தக் குழி எந்தக் கன்னத்தில் என்று மறந்துபோயிற்று. இரண்டில் எது தன் தவறு என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் தேசத்தில் என்னென்னவோ நடந்தது. டிராம் பலகைகளைக் கழற்றினார்கள். கோவேறு கழுதை வயதாகி ஒரு மழை நாளில் லாயத்திலேயே செத்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்களும் குடிமக்களாகலாம் என்று சட்டம் மாறி மீரா லெப்பை முன்பே குடியுரிமை வாங்கியிருந்தார். ஆகவே கறுப்பர்கள் ஓட்டுரிமைக்குப் பதிந்துகொள்ள வரிசையில் நின்றபோது மகளோடு அவரும் போய் நின்றார். அந்த மாநிலத்தில் அப்போது ஒருவர் தன் வயதை வருஷம், மாதம், நாள் பிசகாமல் எழுத வேண்டும். பிசகினால் திருப்பி அனுப்புவார்கள்.

"எனக்கு ரெண்டு வயசு இருக்கு," என்றார் மீரா லெப்பை.

அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டுல சரியானதை எழுது."

ஒன்றை எழுதினார், தவறு என்றார்கள். அடுத்த மாதம் மற்றதை எழுதினார், அதுவும் தவறு. மே மூனின் வயதில் ஒரு குழப்பமும் இல்லை. அவளுக்கும் தவறு என்றுதான் சொன்னார்கள். 1965இல் புதுச் சட்டம் வந்த பிறகு வேறொரு அலுவலர் இருபத்தொன்று தாண்டியாச்சா என்று மட்டும் கேட்டார். தாண்டியாச்சு என்றார். எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டாலும் அது உண்மை.

அடுத்த வருஷம் கிளேபோர்ன் அவென்யூவின் ஓக் மரங்களை வெட்டினார்கள். கறுப்பர்களின் கடைகளும் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமைகளும் எல்லாம் அந்த மரங்களின் கீழேதான். வானத்தில் போகும் நெடுஞ்சாலைக்குத் தூண் நட வேண்டுமாம். லூசியன் முதன்முதலில் அவளிடம் பேசியதும் அங்கேதான். மே மூன் வெட்டிய மரத்தின் அடியில் நின்றாள். வந்தால் அவனுக்கு வழி எப்படித் தெரியும் என்ற கவலை முதலில் வந்தது. பிறகு, தான் இப்போது இருக்கும் கோலத்தில் அவனுக்குத் தன்னையே எப்படி அடையாளம் தெரியும் என்று தோன்றியது.

1969 வந்தது. திருவிழாவில் அணிவகுப்பு போனது, கூட்டம் நின்று பார்த்தது, மே மூன் நல்ல உடுப்பு உடுத்தி வாசலில் நின்றாள். அல்சீட் வரவில்லை. கூட்டம் கலைந்து, குப்பை கூட்டுகிறவர்கள் வந்து போனார்கள். அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். லூசியனுக்காக இருபத்துமூன்று வருஷம் காத்திருந்ததில் ஒரு மத்தியானமும் இப்படி நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள்.

அல்சீட் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இந்த வருஷம் கேக்கலை?"

"இது அந்த வருஷம்தானே. நடுவில நான் எதுக்குன்னு இருந்துட்டேன். அவன் வரட்டும்."

"வந்தா அவனுக்கு இருபத்துநாலு வயசு, அல்சீட். அவனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? பள்ளிக்கூடத்துல சேப்பேனா?"

அல்சீட் துண்டை எடுத்தார். "காலைத் துடைச்சுக்கிட்டுக் கேக்கறேன்," என்றார்.

ஆனாலும் பெண் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாக வேண்டும் என்று, மறுநாள் ஐம்பத்துமூன்று வயதுக்காரர் நாற்பத்தேழு வயதுக்காரரின் முன்னால் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மீரா லெப்பை அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது. மோதிரம் மாற்றிக்கொள்ளும்போது மே மூனின் கண் கோயில் வாசல் பக்கம் போய்ப் போய் வந்ததை அல்சீட் கவனித்தார்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து மீரா லெப்பை தினமும் சாப்பிட்டுவிட்டு ஒரு மடக்கு நாற்காலியும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை மேட்டுக்குப் போகத் தொடங்கினார்.

"எங்க போறீங்க?" என்றாள் மே மூன்.

"அந்தப் பையன் வந்தா யாராவது இருக்கணும்ல. நேரா வீட்டுக்கு வந்து கதவைத் தட்டக் கூடாது. எங்கிட்ட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரட்டும்."

"வந்தா என்ன சொல்வீங்க?"

"அதான் தெரியலை மவளே. யோசிக்கறேன்."

நிலாவில் மனிதன் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, தெருவே தொலைக்காட்சி இருந்த மூன்று வீடுகளில் அடைந்துகிடந்தது. மே மாதத்து நிலாவில் முதலில் இறங்கியவர் அல்சீட்தான் என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். மே மூனும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள். மீரா லெப்பை ஆற்றங்கரையில் தனியாக இருந்தார். மூடுபனி வரவில்லை. ஆகஸ்டில் புயல் வந்து பக்கத்துக் கரையோர ஊர்களைத் துடைத்துக்கொண்டு போனது. புயலுக்கு மறுநாளும் அவர் போனார். கோடை தீர்ந்தது. லூசியன் வரவில்லை. இனி வர மாட்டானா, இல்லை எல்லோருக்கும் இருபத்தேழு வருஷம்தான் கணக்கு என்று யார் சொன்னது, அவனுக்கு முப்பதாக இருக்கலாமே என்று மே மூன் ஒருநாள் நினைத்தாள். மறுநாள் நினைக்க மறந்துபோனாள்.

செப்டம்பரில் ஒரு பிற்பகல், ஆற்றின் மேல் பால் போலப் பனி இறங்கி, அரைமணி நேரத்தில் விலகியது. கரைமேட்டில் ஒரு பையன் ஏறி வந்தான். கறுப்பு இளைஞன், இருபதுகூட இருக்காது. இடுப்பு வரைக்கும் நனைந்திருந்தான். அவன் போட்டிருந்தது எந்தப் போரின் சீருடை என்று மீரா லெப்பைக்குத் தெரியவில்லை. கன்னத்தைப் பார்த்தார், பையன் சிரிக்கவில்லை. ஆனால் மே மூனின் கல்யாணப் போட்டோவில் சிரிக்காமல் நின்ற லூசியன் இல்லை இவன், காது வேறு, நெற்றி வேறு.

"ஐயா, கிளேபோர்ன் தெருவுக்கு எப்படிப் போகணும்? எனக்கு வழி தெரியும், ஆனா இங்கிருந்து மரங்க எதுவும் தெரியலையே."

"யார் வீட்டுக்குத் தம்பி?"

"எங்க வீட்டுக்கு. பெரிய ஓக் மரத்துக்கு எதிர் வீடு. குளோதில்டுன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும்."

அப்படி ஒரு பெயரை மீரா லெப்பை கேட்டதில்லை. இந்த வேனில் முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் லூசியனுக்கானவை.  நாற்காலியை மடக்கினார். பையனின் நனைந்த மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மரங்கள் இருந்த இடத்தில் நட்ட தூண்களுக்கு அடியில் நடக்க வேண்டாம் என்று, நேர் வழியை விட்டு, மூன்று தெருக்கள் சுற்றி அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தார்.

கதவைத் திறந்தது மே மூன். பையனின் முகத்தை ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். அவன் இல்லை. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. இறங்கியது பாரமா, இல்லை இதுநாள்வரை தன்னை நிற்கவைத்திருந்த ஏதோவா என்று அவளுக்குப் புரியவில்லை. "உள்ள வா," என்றாள்.

அல்சீட் நாற்காலியை இழுத்துப் போட்டார். மே மூன் சோறும் மீனும் கொண்டுவந்து வைத்தாள். பையன் சுவிட்சையும் விளக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் பார்த்தான், வாசல் வழியாகத் தெருவில் போன கார் ஒன்றைக் கழுத்து திரும்பும் மட்டும் பார்த்தான், பிறகு மூன்று பேரின் முகத்தையும் பார்த்தான்.

"இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டான்.

அல்சீட் மே மூனைப் பார்த்தார். மே மூன் வாப்பாவைப் பார்த்தாள். மீரா லெப்பை பையனின் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"செப்டம்பர்," என்றார். "சாப்பிடு. மிச்சத்தை அப்புறம் சொல்றேன்."